விண்டேஜ் ஷாம்பெய்ன்: திராட்சை பறிப்பது முதல் கிண்ணத்தில் சுவைப்பது வரை முழுமையான வழிகாட்டி

பிரான்சின் வடகிழக்கில், ரெய்ம்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றியுள்ள ஷாம்பெய்ன் வட்டாரத்தில், சிறு தோட்டக்காரர் ஒருவரின் நிலவறையில் பல பருவங்கள் வேலை செய்தபின் இதை எழுதுகிறேன். புதியவர்கள் தடுமாறும் இடங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடங்கள்தான். கைத்திறன் போதாமல் தவறுவது குறைவு; ஒரு வேலையை அதற்குரிய நேரத்துக்கு முன்போ பின்போ செய்துவிட்டுத் தவறுவதே மிகுதி.

சாதாரண ஷாம்பெய்னில் பல ஆண்டுகளின் ஒயின்களைக் கலக்கலாம். ஓர் ஆண்டின் குறையை முந்தைய ஆண்டுகளிலிருந்து எடுத்துவைத்த ஒயின் ஈடுசெய்துவிடும். விண்டேஜ் புட்டியில் லேபிள் சொல்லும் அந்த ஒரே ஆண்டின் திராட்சை மட்டுமே இருக்க வேண்டும். ஆகவே ஒரு கட்டத்தில் நேர்ந்த பிழையைப் பின்னர் வேறோர் ஆண்டின் ஒயினைக் கொண்டு திருத்த வழியில்லை. கீழே ஒவ்வொரு படியையும் அதன் காரணத்தோடு சொல்வதற்கு இதுவே அடிப்படை.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது இடம். 10 முதல் 12 பாகை செல்சியஸ் வெப்பநிலை ஆண்டு முழுவதும் மாறாமல் இருக்கும் இருட்டறை இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஷாம்பெய்னில் சுண்ணப் பாறையைக் குடைந்த நிலவறைகள் இந்தக் குளிர்ச்சியை இயல்பாகவே தருகின்றன. இவ்வாண்டு அடைக்கும் புட்டிகள் வெளியேறுவதற்குள் இன்னும் பல அறுவடைகள் வந்து சேரும் என்பதால், இடத்தைக் கணக்கிடும்போது ஓராண்டுக்குரிய புட்டிகளை மட்டும் எண்ணக் கூடாது.

இரண்டாவது, புட்டி. ஷாம்பெய்னின் வழக்கமான 75 சென்டிலிட்டர் புட்டி இன்று சுமார் 835 கிராம் எடையுள்ளது. உள்ளே 6 பார் அழுத்தத்தை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கை, தாங்க வேண்டியிருப்பதால் அந்தத் தடிமன் தேவை. பழைய புட்டிகளைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், அழுத்தம் ஏறியதும் புட்டி வெடித்துவிடும். கண்ணையும் முகத்தையும் காக்கும் கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் நிரம்பிய புட்டிகளுக்கு அருகே யாரையும் நான் விடுவதில்லை.

மற்றவை: சர்க்கரையையும் அமிலத்தையும் அளக்கும் கருவிகள், துல்லியமான தராசு, சோடா மூடி போன்ற உலோக மூடிகளும் அவற்றை அழுத்தும் கருவியும், தேர்ந்த ஈஸ்ட், பென்டோனைட் களிமண், தேதி எழுத ஒரு குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டைச் சிறிய பொருளாக எண்ண வேண்டாம். இறுதியில் கிண்ணத்தை முகரும்போது உங்களுக்கு விளக்கம் தரப்போவது அதுதான்.

2. பறிக்கும் நாளைத் தீர்மானித்தல்

இங்கே பெரும்பாலும் வளர்வன ஷார்டொனே, பினோ நுவார், மெனியே ஆகிய மூன்று வகைகள். இவற்றுள் பின்னிரண்டும் கருந்தோல் கொண்டவை. சாதாரண ஒயினுக்குத் தேவைப்படும் அளவுக்குப் பழுக்கும் முன்பே, 10 முதல் 11 விழுக்காடு ஆல்கஹால் தரக்கூடிய சர்க்கரை சேர்ந்தவுடன் பறித்துவிடுகிறோம். குமிழை உண்டாக்கப் புட்டிக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தல் ஆல்கஹாலை மேலும் உயர்த்தும் என்பது ஒரு காரணம். பல ஆண்டுகள் நிலைத்து நிற்கப் புளிப்பு வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

புதியவர்கள் வரிசையின் ஓரத்தில், வெயில் பட்ட குலையிலிருந்து நான்கு பழங்களைச் சுவைத்துவிட்டுப் பழுத்துவிட்டது என்கிறார்கள். பல வரிசைகளிலிருந்து, குலையின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து, நிழற்புறத்திலிருந்தும் பழங்களை எடுத்து ஒன்றாக நசுக்கி அளந்தால்தான் தோட்டத்தின் உண்மை நிலை தெரியும்.

ஆண்டின் இயல்பு இங்கேயே முடிவாகிவிடுகிறது. 2003இல் கடும் வெப்பம் காரணமாக அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கியது. ஒயின்கள் சதைப்பற்றோடும் குறைந்த புளிப்போடும் அமைந்தன. 2008இல் கோடை குளிர்ச்சியாகக் கழிந்து, செப்டம்பர் வறண்டு தெளிந்ததால், கூர்மையான புளிப்பும் முழுமையாகப் பழுத்த தன்மையும் ஒருங்கே வந்தன. அந்த ஆண்டு இன்றும் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் பேசப்படுகிறது.

பறிப்பது கையால் மட்டுமே. இங்கே அது விதி. குலை முழுதாக, பழம் உடையாமல் பிழியும் இடத்துக்கு வர வேண்டும். உடைந்த கரும்பழத்தின் தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும். துளையுள்ள சிறு கூடைகளில் குறைவாக நிரப்புவது இதற்காகவே.

3. பிழிதல்

காம்பை நீக்காமல் குலைகளை அப்படியே இடுகிறோம். காம்புகளுக்கு இடையே சாறு ஓட வழி கிடைப்பதால் குறைந்த அழுத்தமே போதுமானதாகிறது. ஒரு முறை பிழியும் வழக்கமான அளவு 4000 கிலோ திராட்சை. அதிலிருந்து எடுக்க அனுமதிக்கப்பட்ட சாறு 2550 லிட்டர். முதலில் வரும் 2050 லிட்டர் நுண்மையும் புளிப்பும் மிக்கது. அடுத்து வரும் 500 லிட்டரில் நிறமும் உப்புகளும் கூடுதலாகவும் அமிலம் குறைவாகவும் இருக்கும்.

இரண்டையும் தனித்தனித் தொட்டியில் பிடிக்க வேண்டும். விண்டேஜுக்கு முதல் பிழிவை மட்டுமே எடுப்பது என் தேர்வு. இரண்டாம் பிழிவு இளமையில் பழமணத்தோடு கவர்ச்சியாகவே இருக்கும், ஆனால் விரைவில் மூப்படைகிறது. ஏழெட்டு ஆண்டுகள் கழித்துத் திறக்கப்போகும் புட்டியில் அதற்கு இடம் தர வேண்டியதில்லை.

பிழிந்த சாற்றைக் குளிர்ந்த தொட்டியில் 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் விட்டால் மண்ணும் தோல்துணுக்கும் அடியில் படியும். தெளிந்ததை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கலங்கலோடு நொதிக்க விட்டவர்கள் பிறகு பச்சிலை நாற்றத்தைக் கண்டு திகைக்கிறார்கள்.

4. முதல் நொதித்தல்

எஃகுத் தொட்டியிலோ ஓக் பீப்பாயிலோ, 16 முதல் 20 பாகைக்குள் வைத்து, சர்க்கரை முழுவதும் தீரும்வரை நொதிக்க விடுகிறோம். வெப்பம் கூடினால் மென்மையான மணங்கள் வாயுவோடு கிளம்பிப் போய்விடும். நொதிக்கும் தொட்டியிலிருந்து வெளியேறும் கரியமில வாயு தரைமட்டத்தில் தேங்கும். காற்றோட்டத்தை உறுதி செய்யாமல் அறைக்குள் தனியாக இறங்கக் கூடாது.

அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும்: கடுமையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்ற இடம் தருவதா, தடுப்பதா? புளிப்பு மிகுந்த ஆண்டில் அனுமதிக்கலாம். வெப்பமான ஆண்டில் இருக்கும் புளிப்பைக் காப்பதே நல்லது. எதைத் தேர்ந்தாலும் அது புட்டியில் அடைக்கும் முன் முழுதாக நடந்து முடிந்திருக்க வேண்டும், அல்லது முழுதாகத் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். பாதியில் விட்டால் புட்டிக்குள் அது மீண்டும் தொடங்கி, எளிதில் இறங்காத கலங்கலை உண்டாக்கும்.

பிறகு ஒயினைச் சுமார் ஒரு வாரம் உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 4 பாகையளவில் குளிர்விக்கிறோம். ஒயினின் இயற்கை அமிலத்திலிருந்து உருவாகும் டார்ட்ரேட் படிகங்கள் தொட்டியிலேயே படிந்துவிட வேண்டும். அவை புட்டிக்குள் உருவானால் ஒவ்வொரு படிகமும் குமிழ் கிளம்பும் மையமாகி, புட்டியைத் திறக்கும்போது பாதி ஒயின் பொங்கி வெளியேறிவிடும்.

5. இளம் ஒயினைச் சுவைத்தல், விண்டேஜ் என முடிவெடுத்தல்

ஜனவரி முதல் மார்ச் வரை, ஒவ்வொரு தொட்டியையும் சுவைக்கும் காலம். குமிழ் இல்லாத இந்த ஒயின் பல்லைக் கூசச் செய்யும் அளவுக்குப் புளிக்கும். முதன்முறை சுவைப்பவர்கள் முகம் சுளித்துவிட்டு, எது இனிமையாக, பழமணத்தோடு இருக்கிறதோ அதையே சிறந்ததாகச் சுட்டுவார்கள். இங்கே மணத்தைத் தேட வேண்டியதில்லை. விழுங்கியபின் எத்தனை நொடி சுவை நிற்கிறது, நாக்கின் நடுப்பகுதியில் ஏதேனும் கனம் இருக்கிறதா, புளிப்பு கூர்மையாக இருந்தாலும் தூய்மையாக இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளே போதும்.

ஐயம் இருந்தால் ஒரு புட்டியைப் பாதி நிரப்பிக் குளிர்ந்த இடத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டு மீண்டும் சுவைப்பது என் வழக்கம். காற்றோடு இரண்டு நாள் இருந்தும் தளராத ஒயின் நீண்ட காலம் தாங்கும் என்று துணிந்து நம்பலாம்.

வகைகளைக் கலக்கும்போது ஷார்டொனே நேரான கூர்மையையும் சுவையின் நீட்சியையும், பினோ நுவார் வாயில் உணரும் கனத்தையும், மெனியே உருண்ட பழச்சுவையையும் தருகின்றன. ஓர் ஆண்டு அறுவடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் விண்டேஜாக விற்கக் கூடாது என்பது இங்கே விதி. எஞ்சியதைப் பிற்காலக் கலவைகளுக்குச் சேமிக்கிறோம். ஒன்றும் தேறாத ஆண்டில் விண்டேஜ் செய்யாமல் விடுவதும் முறையான முடிவுதான்.

6. சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்தல்

இதற்குத் திராஜ் என்று பெயர். அறுவடைக்கு அடுத்த ஜனவரி 1க்கு முன் இதைச் செய்ய அனுமதி இல்லை. இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். ஆபத்தான பிழைகள் எல்லாம் இங்கேதான் நிகழ்கின்றன.

லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் உண்டாகும். ஆகவே 6 பாருக்கு 24 கிராம். இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் புதியவர்கள் தவறுகிறார்கள். ஒயினில் ஏற்கெனவே மீந்திருக்கும் சர்க்கரையைக் கழிக்க மறப்பது ஒன்று: லிட்டருக்கு 2 கிராம் மீதமிருந்தால் சேர்க்க வேண்டியது 22 கிராம் மட்டுமே. கரைசலின் கன அளவை மறப்பது மற்றொன்று: லிட்டருக்கு 500 கிராம் வீதம் கரைத்த சர்க்கரைப் பாகில் 4.8 லிட்டரை 100 லிட்டர் ஒயினில் ஊற்றினால் மொத்தம் 104.8 லிட்டராகிவிடும்; அப்போது லிட்டருக்குக் கிடைப்பது 24 கிராம் அல்ல, 23 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அழுத்தம் குறைந்தால் ஒயின் சோர்ந்திருக்கும். சர்க்கரையை 30 கிராமாக்கினால் 7.5 பார் வரை ஏறும். அத்தகைய புட்டிகள் நிறைந்த அறைக்குள் நுழைய எவருக்கும் மனம் வராது.

ஈஸ்டை நேரடியாகத் தூவக் கூடாது. ஆல்கஹால், புளிப்பு, குளிர் மூன்றும் ஒருசேர எதிர்ப்பதால் பழகாத ஈஸ்ட் மடிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் உயிர்ப்பித்து, சர்க்கரை சேர்த்து, ஒயினைச் சிறிது சிறிதாகக் கலந்து, வெப்பத்தையும் படிப்படியாகக் குறைத்துச் சில நாட்கள் பழக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் முடித்தவர்களின் புட்டிகள் 2 பாரில் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன். ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடு தனித்த நிலையில் அதிகமாக இருந்தாலும் இதே கதிதான்.

பென்டோனைட்டையும் இப்போதே சேர்க்க வேண்டும். பின்னாளில் மடிந்த ஈஸ்டின் வண்டல் புட்டியின் சுவரில் ஒட்டாமல் நழுவி இறங்க அது உதவும். அடைக்கும்போது தொட்டியை இடைவிடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் முதல் புட்டிக்கும் கடைசிப் புட்டிக்கும் ஈஸ்டின் அளவு மாறிவிடும். உலோக மூடிக்கு உள்ளே பிதூல் எனப்படும் சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பொருத்துகிறோம். வண்டல் வந்து சேரும் இடம் அதுவே.

7. படுக்க வைத்துக் காத்திருத்தல்

புட்டிகளைப் படுக்கையாக அடுக்கியபின், இரண்டாம் நொதித்தல் 6 முதல் 8 வாரங்களில் முடியும். ஆல்கஹால் 1.2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் உயரும். மெதுவாக நொதித்தால் குமிழ் நுண்மையாகவும் நுரை மென்மையாகவும் அமையும் என்பதால் அறையின் குளிர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இதன்பின் மடிந்த ஈஸ்ட் செல்கள் மெல்லச் சிதைந்து தம் பொருள்களை ஒயினுக்குத் தருகின்றன. பேக்கரியில் பன் வேகும் மணமும் வாயில் தோன்றும் வெண்ணெய்த்தன்மையும் இதனால் வருகின்றன. விண்டேஜ் ஷாம்பெய்ன் திராஜ் நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள் கழித்தே விற்பனைக்கு வரலாம். ஆனால் அந்த 3 ஆண்டு சட்டத்தின் கணக்கு. நான் ஆண்டுக்கு ஒரு புட்டியைத் திறந்து பார்த்தே முடிவு செய்கிறேன். நல்ல ஆண்டு 6, 7 ஆண்டுகள் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

8. வண்டலைக் கழுத்துக்கு இறக்குதல்

முதலில் புட்டியை வலுவாகக் குலுக்கி, பக்கச் சுவரில் படிந்ததைக் கலைக்க வேண்டும். பிறகு துளையிட்ட சாய்பலகையில் கழுத்தைச் செருகி, நாள்தோறும் எட்டில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ வலமும் இடமும் மாறி மாறித் திருப்பி, புட்டி தலைகீழாக நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டுகிறோம். புட்டியின் அடியில் வண்ணக் கோடு ஒன்றை இட்டுக்கொண்டால் எவ்வளவு திருப்பினோம் என்பது மறக்காது.

கையால் செய்தால் 4 முதல் 6 வாரம் ஆகும். சுமார் 500 புட்டிகளைக் கூண்டோடு திருப்பும் ஜைரோபேலட் இயந்திரம் ஒரு வாரத்தில் முடித்துவிடும். சுவையில் வேறுபாட்டை நான் கண்டதில்லை. பிழை நேர்வது சாய்வை விரைந்து கூட்டும்போதுதான்: கனமான வண்டல் முதலில் ஓடிவிட, லேசான வண்டல் பின்தங்கி ஒரு மெல்லிய திரையாகச் சுவரிலேயே நின்றுவிடும். பருமனான துகள்கள் லேசானவற்றைத் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பொறுமை.

9. வண்டலை நீக்கி, இனிப்பைச் சேர்த்து, தக்கையிடுதல்

தலைகீழாக உள்ள புட்டியின் கழுத்தை மைனஸ் 27 பாகையளவிலான குளிர்கரைசலில் அமிழ்த்தினால் வண்டல் பனிக்கட்டித் துண்டாக உறையும். நிமிர்த்தி மூடியைத் திறந்தவுடன் அழுத்தமே அதை வெளியே எறிந்துவிடும். புட்டி முழுவதையும் முன்கூட்டிக் குளிர்வித்திருந்தால் இழப்பு மிகக் குறைவு.

இதற்குச் சில வாரங்கள் முன்பே தோசாஜ், அதாவது இனிப்பின் அளவு, முடிவாகியிருக்க வேண்டும். சில புட்டிகளைத் திறந்து லிட்டருக்கு 0, 3, 6, 9 கிராம் எனச் சேர்த்து மூடி, சில வாரம் கழித்து, எது எது என்று தெரியாமல் சுவைக்கிறோம். சேர்த்த அன்றே சுவைத்தால் சர்க்கரையும் ஒயினும் தனித்தனியாகத் தெரியும். அதை வைத்து எடுக்கும் முடிவு தவறாகிவிடும். லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் லேபிளில் எழுதும் பெயர் ப்ரூட். 6 கிராம் வரை எக்ஸ்ட்ரா ப்ரூட். எதுவும் சேர்க்காமல் மொத்தச் சர்க்கரை 3 கிராமுக்குக் கீழிருந்தால் ப்ரூட் நாத்யூர். 0 கிராம்தான் உயர்ந்தது என்ற எண்ணத்தோடு வருபவர்கள் பலர். புளிப்பு மிகுந்த ஆண்டில் 5 கிராம் இனிப்பாகவே தெரியாது. ஆனால் மணத்தை விரித்துக் காட்டும்.

அளவு எளிது: லிட்டருக்கு 6 கிராம் வேண்டுமானால் ஒரு புட்டிக்கு 4.5 கிராம், லிட்டருக்கு 750 கிராம் கரைந்த பாகில் அது 6 மில்லிலிட்டர். தக்கையிட்டுக் கம்பி கட்டியபின் புட்டியைக் குலுக்கிக் கலந்து, குறைந்தது 3 மாதம், இயன்றால் 6 மாதம் ஓய்வு தர வேண்டும். வண்டல் நீக்கிய தேதியை லேபிளில் எழுதுங்கள்.

10. சுவைப்பதற்கான ஆயத்தம்

விண்டேஜை 10 முதல் 12 பாகையில் பரிமாற வேண்டும். உறைகுளிரில் வைத்தால் இத்தனை ஆண்டு காத்துப் பெற்ற மணம் மூடிக்கொள்ளும். ஃப்ரீசரில் ஒருபோதும் வைக்காதீர்கள். பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் அரைமணி நேரம் போதும்.

கிண்ணம் நடுவில் அகன்று வாயில் சற்றுக் குறுகியதாக இருக்கட்டும். ஒடுங்கிய நீள்குழல் கிண்ணத்தில் மூக்குக்கு இடமில்லை. சோப்பின் மிச்சம் நுரையைக் கொல்லும் என்பதால் வெந்நீரில் நன்கு அலசித் துணியால் துடைக்க வேண்டும்.

திறக்கும்போது கம்பியை ஆறு அரைச்சுற்றுகள் தளர்த்தி, பெருவிரலைத் தக்கையின் மேல் வைத்த கையை எடுக்காமல், புட்டியை 45 பாகை சாய்த்து, தக்கையை அசையாமல் பிடித்துப் புட்டியைத் திருப்புங்கள். யாரையும் நோக்கிச் சாய்க்கக் கூடாது. வெடிச்சத்தம் வந்தால் வாயுவை வீணாக்கிவிட்டோம் என்று பொருள். கிண்ணத்தைச் சாய்த்து, அதன் சுவர் வழியே மெதுவாக ஊற்றினால் கரைந்துள்ள வாயு கூடுதலாகத் தங்கும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் போதும்.

11. சுவைக்கும் வரிசை

முதலில் பாருங்கள், ஆனால் குமிழ்களை எண்ணித் தரம் சொல்லாதீர்கள். ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் ஆய்ந்து காட்டியபடி, குமிழ்கள் பெரும்பாலும் கிண்ணத்தில் ஒட்டியுள்ள நுண்ணிய செல்லுலோஸ் இழைகளிலிருந்தே கிளம்புகின்றன. துடைத்த துணியும் காற்றில் வந்த தூசியும் அவற்றின் எண்ணிக்கையை மாற்றும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து பொன்னிறத்துக்குப் போயிருப்பது வயதைக் காட்டும்.

அடுத்து, கிண்ணத்தைச் சுழற்றாமல் முகருங்கள். சுழற்றினால் கரியமில வாயு மூக்கைக் குத்தி மற்றவற்றை மறைக்கும். முதலில் குறைகளைத் தேடுங்கள். ஈர அட்டைப்பெட்டி நாற்றம் தக்கையின் பழுது. வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் ஒளிபட்டதன் விளைவு. நிறமற்ற புட்டியில் இது எளிதில் நேரும். அடிபட்ட ஆப்பிளின் மணம் மேலோங்கினால் காற்று புகுந்திருக்கிறது.

குறை இல்லையெனில் மூன்று அடுக்குகளாகப் பிரித்து முகரலாம்: திராட்சையின் மணம், ஈஸ்டின் மணம், வயதின் மணம். பிரெஞ்சுச் சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம்; பழகிய மணங்களையே அளவுகோலாக்குங்கள். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதும் தெறிக்கும் மணம், நெய்யில் பொன்னிறமாக வறுபடும் முந்திரி, புதிதாக வெந்த பன், தேன், வறுத்த காப்பிக்கொட்டை: இவை எல்லாம் நல்ல விண்டேஜில் உண்மையாகவே கிடைப்பவை. நம் மூக்கு அறிந்த பெயரோடு நினைவில் பதிந்த மணம் அடுத்த புட்டியில் தவறாமல் அடையாளம் தெரியும்.

பிறகு ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நுரை பரவ விடுங்கள். நுரை பட்டு போல விரிகிறதா, ஊசி போலக் குத்துகிறதா? புளிப்பும் இனிப்பும் தனித்தனியாக நிற்கின்றனவா, ஒன்றாகிவிட்டனவா? விழுங்கியபின் நொடிகளை எண்ணுங்கள். பல புட்டிகள் இருந்தால் இளையதிலிருந்து மூத்ததற்கும், இனிப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்கும் செல்லுங்கள். நான்கைந்துக்கு மேல் சுவைப்பதானால் துப்பிவிடுங்கள், நாக்கு அதன்பின் உண்மை சொல்லாது.

முதல் கிண்ணத்தில் சிறிதை மீதம் வைத்து, அரைமணி கழித்து மீண்டும் முகருங்கள். நுரை தணிந்து வெப்பம் சற்று ஏறியபின் அடியில் இருந்த ஒயின் வெளிப்படும். பல ஆண்டுகள் முன் மார்ச் மாதத்தில் குமிழின்றிச் சுவைத்த அதே புளிப்பும் நீட்சியும் அங்கே தெரிகின்றனவா என்று குறிப்பேட்டின் பழைய பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டு, அறுவடை ஆண்டு, திராஜ் தேதி, வண்டல் நீக்கிய தேதி மூன்றுக்கும் கீழே அன்றைய குறிப்பை எழுதுங்கள்.